பதினேழு கோரிக்கை மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை



இது நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

ஒரு வாரமாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரு மனு சுற்றி வருகிறது. தேனி மாவட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று வரிசையாக 17 கோரிக்கைகள். திண்டுக்கல்லில் இருந்து கம்பம் வழியாக லோயர்கேம்ப்புக்குப் புது ரயில் பாதை, வைகை அணையைத் தூர்வாருதல், மலைச் சாலைகள், அருவிக்கு ரோப் கார், விமான நிலையம், இன்னும் என்னென்னவோ. எல்லாரும் பெயர் போட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். நான் போடவில்லை. அதற்குள் நாலு பேர் போன். "டீச்சர், உங்களுக்கு ஊர் மேல் அக்கறை இல்லையா?" என்று ஒரு மாணவன். "அண்ணிக்கு வயசாயிருச்சு" என்று என் கொழுந்தனார்.

வயது ஆகத்தான் செய்கிறது. ஆனால் அக்கறை இருப்பதால்தான் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன், பிறகு விளக்குகிறேன்: பதினேழையும் ஒரே மூச்சில் கேட்பது, பதினேழில் ஒன்றையும் முடிக்க வேண்டாம் என்று நாமே எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்கு வந்த இடைநிலை ஆசிரியை. பொருளாதாரம் படித்தவள் அல்ல. இந்த விஷயத்துக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும். என்னிடம் படித்தவர்கள் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஊர்கள். உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன்: ஆண்டிப்பட்டி, சின்னமனூர், உத்தமபாளையம், தேவாரம், கம்பம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு திட்டம். ஒவ்வொன்றுக்கும் 100 கோடி. அரசாங்கத்திடம் ஆண்டுக்கு 100 கோடிதான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பீர்கள்?

முதல் வழி: எல்லாரையும் சமமாக நடத்துவது. ஊருக்கு 20 கோடி வீதம் ஆண்டுதோறும் கொடுப்பது. முதல் ஆண்டு முடிவில் எத்தனை திட்டம் முடிந்திருக்கும்? ஒன்றுமில்லை. இரண்டாம் ஆண்டு? ஒன்றுமில்லை. மூன்று, நான்கு? ஒன்றுமில்லை. ஐந்தாம் ஆண்டு முடிவில்தான் ஐந்தும் ஒன்றாக முடியும்.

இரண்டாம் வழி: ஆண்டுக்கு ஓர் ஊர். முதல் ஆண்டில் ஆண்டிப்பட்டிக்கு 100 கோடி, வேலை முடிந்தது. இரண்டாம் ஆண்டில் சின்னமனூர். இப்படியே போய் ஐந்தாம் ஆண்டில் கம்பம்.

இப்போது நான் கேட்கும் கேள்வி இதுதான். இரண்டாம் வழியில் யாருக்கு நட்டம்? கடைசி ஊரான கம்பத்தைப் பாருங்கள். முதல் வழியிலும் கம்பத்துக்கு ஐந்து ஆண்டுதான், இரண்டாம் வழியிலும் ஐந்து ஆண்டுதான். ஒரு நாள்கூடக் கூடுதலாகக் காத்திருக்கவில்லை. ஆனால் ஆண்டிப்பட்டிக்காரர்கள் நான்கு ஆண்டு முன்னதாகவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். சின்னமனூர் மூன்று ஆண்டு, உத்தமபாளையம் இரண்டு, தேவாரம் ஒன்று. கூட்டிப் பாருங்கள். 4, 3, 2, 1: மொத்தம் 10 ஆண்டுப் பயன். அதே பணம், அதே ஐந்து ஆண்டு. முதல் வழியில் இந்தப் பத்தும் பூச்சியம்.

இதில் விலைவாசியை நான் சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்தால், நான்கு ஆண்டு இழுத்த வேலைக்கு சிமென்ட்டும் கம்பியும் கூலியும் ஏறியிருக்கும். 100 கோடி வேலை 100 கோடியில் முடியாது. பாதி கட்டிய சுவரில் செடி முளைக்கும், அதைப் பிடுங்கவும் ஒரு டெண்டர் போடுவார்கள்.

எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்பது பார்க்க நியாயம்போல இருக்கும். கணக்குப் போட்டால் எல்லாருக்கும் ஒன்றுமில்லை என்று வரும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இது பேப்பர் கணக்கு, நிஜத்தில் அப்படி நடக்குமா என்று கேட்கிறவர்களுக்கு நம் போடி ரயிலையே காட்டுகிறேன்.

மதுரை–போடி பாதை 1928-இல் வந்தது. மலையில் விளைந்த ஏலக்காயும் காபியும் தேயிலையும் இறங்கி வருவதற்காக. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களில் மறுபடியும் போட்டார்கள். அப்புறம் அகலப்பாதையாக மாற்றுகிறோம் என்று 2010 டிசம்பர் கடைசியோடு மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். சந்தோஷமாகத்தான் வழியனுப்பினோம். திரும்பி எப்போது வந்தது? தேனிக்கு 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் 15.

மொத்தம் 90 கிலோமீட்டர். பன்னிரண்டரை ஆண்டு. வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஏழு கிலோமீட்டர் சொச்சம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 மீட்டர். நம் பள்ளிக்கூடத்து வராந்தா நீளம்கூட இல்லை. அதுவும் புதுப் பாதை அல்ல. தடம் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்தது.

ஆசிரியை என்பதால் எனக்கு வருடத்தை வகுப்பாகத்தான் எண்ணத் தெரியும். 2010 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, ரயில் தேனிக்குத் திரும்பி வந்தபோது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சொந்த ஊரில் ரயிலைப் பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடித்தார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவனும் கிழவியும், கல்லூரிக்குப் போகிற பிள்ளையும், சரக்கு அனுப்புகிற வியாபாரியும் பன்னிரண்டு ஆண்டு பஸ்ஸுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசை எந்தத் திட்ட அறிக்கையிலும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

ஆண்டிப்பட்டிக் கணவாயில் பாறை வெட்ட வேண்டியிருந்தது, உண்மைதான். ஆனால் பாறை மட்டுமா காரணம்? முதல் சில ஆண்டுகளில் இந்தப் பாதைக்கு ஒதுக்கிய பணம் சொற்பம். ஓடிக்கொண்டிருந்த ரயிலை நிறுத்த முடிந்தவர்களுக்கு, முடிக்கிற பணத்தை எடுத்து வைக்க முடியவில்லை. மதுரை–தேனி 75 கிலோமீட்டருக்கு மட்டும் கடைசியில் 500 கோடிக்கு மேல் ஆனது. அந்தப் பணம் வரத்தான் வந்தது. துண்டு துண்டாக வந்தது.

உடனே எந்தக் கட்சி மேல் குற்றம் சொல்கிறாள் என்று தேடாதீர்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டில் டில்லியிலும் ஆட்சி மாறியது, சென்னையிலும் மாறியது. எல்லாரும் ஒரே மாதிரிதான் நடந்தார்கள். ஏனென்றால் நாம் எல்லாரையும் ஒரே மாதிரிதான் கேட்டோம். தொடங்கினால் மாலை போட்டோம். முடித்தார்களா என்று பார்க்கவில்லை.

போடி ரயிலாவது வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுப் புது ரயில் பாதைகள் சிலவற்றுக்கு பட்ஜெட்டில் ஒரு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கிய கதையைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கோடி இல்லை, லட்சம் இல்லை. ஆயிரம் ரூபாய். திட்டம் செத்துப்போகவில்லை என்று காட்டுவதற்காக வாயில் ஊற்றும் பால் அது.

மனுவில் முதல் கோரிக்கையே லோயர்கேம்ப் ரயில்தான். சபரிமலைப் பக்தர்களுக்கு உதவும் என்று அதில் எழுதியிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். கேரளத்தில் அங்கமாலியில் இருந்து எருமேலிக்கு சபரி ரயில் பாதை 1997–98-இல் அனுமதி பெற்றது. நீளம் 111 கிலோமீட்டர். இத்தனை ஆண்டில் போட்டு முடித்தது அங்கமாலியில் இருந்து காலடி வரைக்கும் 7 கிலோமீட்டர். தொடங்கியபோது 517 கோடி என்று சொன்ன மதிப்பீடு 3,800 கோடியைத் தாண்டிவிட்டது. நடுவில் அந்தத் தடத்தில் நிலம் அளந்து கல் நட்ட வீட்டுக்காரர்கள் விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் இருந்தார்கள். அனுமதி வாங்கிவிட்டோம் என்று அன்றைக்கு அங்கேயும் இனிப்புக் கொடுத்திருப்பார்கள்.

இனி பென்னிகுக்கைப் பற்றிச் சொல்லாமல் கம்பம் பள்ளத்தாக்கில் எதையும் பேச முடியாது.

முல்லைப் பெரியாறு அணையால் சோறு தின்கிறவர்கள் நாம். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் நிற்கிறது. அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிற ஊர்க்காரர்கள் நம் சொந்தக்காரர்கள். நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் அணையை வைத்து நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் தப்பான பாடம்.

என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட்டது, அவர் இங்கிலாந்தில் சொத்தை விற்று வந்து கட்டினார் என்று. அதற்கு அரசுப் பதிவுகளில் சான்று இல்லை என்று ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். அணை சென்னை மாகாண அரசாங்கத்தின் கஜானாவில் இருந்து கட்டப்பட்டது. அந்தக் கஜானாவில் இருந்தது யார் பணம்? நம் பூட்டன் பூட்டி கட்டிய நிலவரி. அவர் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. வரிப்பணத்தைப் பொறுப்பாகச் செலவழித்து, காட்டிலும் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் நின்று, எடுத்த வேலையை முடித்த இன்ஜினியர் என்பது சொத்து விற்றவர் என்பதைவிடப் பெரிய பெருமை. பொதுவேலை என்பது யாரோ ஒரு புண்ணியவான் தருகிற தானம் என்று பழகிவிட்டோம். அதனால்தான் இன்றைக்கும் கல்வெட்டில் யார் பெயர் என்று பார்க்கிறோமே தவிர, யார் பணம் என்று கேட்பதில்லை.

அணையில் இருந்து படிக்க வேண்டிய நிஜமான பாடம் தேதிகளில் இருக்கிறது. மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று ராமநாதபுரம் சமஸ்தானத்து முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்தது 1789-இல். 1808-இல் கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்துவிட்டு இது நடக்காத காரியம் என்று எழுதினார். 1860-களில் மேஜர் ரைவ்ஸ் வேறு திட்டம் போட்டார். 1876–78 பஞ்சம் வந்து மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு, 1882-இல் பென்னிகுக்கையும் ஸ்மித்தையும் திட்டத்தைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். 1886 அக்டோபரில் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887-இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் தண்ணீர் திறந்தார்கள்.

கவனியுங்கள். யோசிக்க ஏறக்குறைய நூறு ஆண்டு. கட்ட எட்டு ஆண்டு. நடுவில் வெள்ளம் வந்து தற்காலிகக் கட்டுமானத்தை அடித்துக்கொண்டு போனது, ஆட்கள் மலேரியாவில் செத்தார்கள். அப்படியும் எட்டு ஆண்டு. நாம் இப்போது தலைகீழாகச் செய்கிறோம். ஒரு மேடையில், ஒரு கைதட்டலில் அறிவித்துவிடுகிறோம். யோசிப்பதற்கு ஒரு மாலைப்பொழுது, கட்டுவதற்கு ஒரு தலைமுறை.

வெள்ளைக்காரன் ஆட்சியைப் புகழவில்லை. அவன் வரியை எப்படிப் பிடுங்கினான் என்பதும் தெரியும், பஞ்சத்தில் எப்படி நடந்துகொண்டான் என்பதும் தெரியும். நான் சொல்வது ஒன்றே ஒன்று: தொடங்கும்போதே முடிக்கிற பணம் எங்கிருந்து வரும் என்று எழுதி வைத்துவிட்டுத் தொடங்கினார்கள்.

இப்போது நீங்கள் கேட்கப்போகிற கேள்விகளுக்கு வருகிறேன்.

முதல் கேள்வி: "பதினேழு கேட்டால்தானே டீச்சர் ஐந்தாவது கிடைக்கும்?"

மார்க்கெட்டில் கத்திரிக்காய் பேரம் பேசுகிற புத்தி இது. நாம் பதினேழு கேட்டால், அதில் எது என்று தேர்ந்தெடுக்கிற உரிமையைக் கொடுப்பவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். அவர் எதை எடுப்பார்? குறைந்த செலவில் பெரிய விழா நடத்தக் கூடியதை எடுப்பார். தூர்வாருவதற்கு ரிப்பன் வெட்ட முடியாது. வளைவு கட்டினால் வெட்டலாம். எது முதலில் என்று நாம் சொல்லாவிட்டால், அவர் சொல்வார். அப்புறம் நாம் கேட்டது கிடைக்கவில்லை என்று புலம்பக் கூடாது, அதுவும் பட்டியலில் நாம் எழுதியதுதான்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கனமானது. என் மாணவி ஒருத்தி, வங்கியில் வேலை பார்க்கிறவள், எழுதியிருந்தாள்: "டீச்சர், வருமானக் கணக்குப் பார்த்து வரிசை போட்டால், நம்மைப் போன்ற ஓர மாவட்டத்துக்கு எப்போதும் கடைசி இடம்தான். சென்னையும் கோவையும்தான் ஜெயிக்கும்."

நியாயமான பயம். ஆனால் நான் லாபக் கணக்குப் பார்க்கச் சொல்லவே இல்லை அம்மா. ஒரு திட்டத்தால் அன்றாடம் எத்தனை பேருக்கு என்ன கஷ்டம் தீருகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். கம்பத்தில் இருந்தும் போடியில் இருந்தும் விடியற்காலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஜீப்பில் நெருக்கி ஏறி, கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். எத்தனை ஜீப் கவிழ்ந்திருக்கிறது, உங்களுக்கே தெரியும். அவர்களுக்குப் பாதுகாப்பான வண்டி விடுவதில் லாபம் வராது. ஆனாலும் என் வரிசையில் அது விமான நிலையத்துக்கு முன்னால் வரும். லாபத்துக்கும் பயனுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

மூன்றாவது கேள்விதான் உண்மையிலேயே கடினமானது: "ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்றால், கடைசியில் நிற்கிற ஊருக்கு என்ன உத்தரவாதம்? நடுவில் ஆட்சி மாறினால்?"

இதற்கு என்னிடம் மந்திரம் இல்லை. கடைசி ஊர் நம்பாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எத்தனையோ முறை ஏமாந்திருக்கிறார்கள். அதனால்தான் கையில் ஓர் அடிக்கல்லாவது இருக்கட்டும் என்று கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கல் அவர்களைக் காப்பாற்றியதா? ஆயிரம் ரூபாய் ஒதுக்கீடு காப்பாற்றியதா? காப்பாற்றக் கூடியது ஒன்றுதான்: வரிசையும் ஆண்டும் எல்லாரும் படிக்கும்படி எழுதிப் போட்டிருப்பது. இன்ன திட்டம் இந்த ஆண்டு, இன்னது அடுத்த ஆண்டு, காரணம் இது என்று. ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறோம். முன்னால் நிற்பவர் வாங்கிப் போனால் நமக்குக் கோபம் வருவதில்லை. நடுவில் ஒருவர் நுழைந்தால்தான் வருகிறது. வரிசை கண்ணுக்குத் தெரிந்தால் காத்திருக்க நம் மக்களுக்குத் தெரியும்.

ஒரே ஆண்டில் முழுப் பணத்தையும் செலவழிக்க முடியாத வேலைகளும் உண்டு. நிலம் எடுக்க வேண்டும், மலை குடைய வேண்டும். அப்போது இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்து நடத்தலாம். பதினேழை நடத்த முடியாது.

இந்த இடத்தில் யாராவது நியூட்ரினோவை இழுப்பீர்கள் என்று தெரியும். அதையும் பேசிவிடுவோம். பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2015 ஜனவரியில், சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு. "கக்கூஸ் இல்லாத ஊரில் நியூட்ரினோ எதற்கு" என்று அன்றைக்கு நிறையப் பேர் கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அறிவியலுக்குச் செலவழிக்காமல் இருந்தால் அந்தக் காசு நேராகக் கக்கூஸுக்கு வந்து சேர்ந்துவிடாது. இரண்டும் வேறு வேறு பெட்டி. என் மாணவர்களில் யாராவது அங்கே ஆராய்ச்சி செய்திருந்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் அம்பரப்பர் மலையடிவாரத்து மக்களுக்கு வேறு பயங்கள் இருந்தன. வெடி வைத்தால் மலை என்ன ஆகும், தண்ணீர் என்ன ஆகும், ஆடு மாடு மேய்க்க இடம் இருக்குமா, பக்கத்தில் மதிகெட்டான் சோலை என்ன ஆகும் என்று. முதலில் பணத்துக்கு ஒப்புதல், பிறகு ஊரில் விளக்கம் என்று போனதால், யார் விளக்கினாலும் யாரும் நம்பவில்லை. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தியது. 2018-இல் மறுபடியும் அனுமதி. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஏழு ஆண்டு போயிற்று. இதே 2015-இல் சீனாவில் குவாங்டாங் மாகாணத்தில் தோண்டத் தொடங்கிய ஜூனோ என்ற நியூட்ரினோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. சீனாவில் மக்களைக் கேட்காமல் செய்திருப்பார்கள் என்பீர்கள். இருக்கலாம், நமக்கு அந்த வழி வேண்டாம். ஆனால் கேட்பதை முதலிலேயே கேட்டிருந்தால், ஒன்று ஆய்வகம் வந்திருக்கும், அல்லது அந்த விஞ்ஞானிகள் அன்றைக்கே வேறு மலையைத் தேடிப் போயிருப்பார்கள். சீக்கிரம் சொல்கிற "வேண்டாம்" என்பதும் மக்கள் பணத்தை மிச்சப்படுத்துகிற வேலைதான். வேண்டும் என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் இழுப்பதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய முடிவு.

சரி, குறை சொல்லிவிட்டு எழுந்து போனால் நான் ஆசிரியை இல்லை. என்னைக் கேட்டால் தேனி மாவட்டத்துக்கு இந்த வரிசை:

முதலில், இருப்பதைக் காப்பது. வைகை அணை 1959-இல் திறந்தது. முழு நீர்மட்டம் 71 அடி என்று பாடப்புத்தகத்தில் எழுதிப் போட்டோம். அடியில் எவ்வளவு வண்டல் என்று யாரும் பாடம் நடத்துவதில்லை. அறுபது ஆண்டுக்கு மேல் சேர்ந்த மண் அங்கே கிடக்கிறது. புது அணை கட்ட இடமும் இல்லை, பணமும் இல்லை. இருக்கிற அணையில் தண்ணீர் நிற்க இடம் உண்டாக்குவது புது அணை கட்டுவதற்குச் சமம். கண்மாய்களும் 18-ஆம் கால்வாய்க் கரைகளும் இதே கணக்குத்தான். வரப்பு உடைந்த வயலை விட்டுவிட்டு எந்த சம்சாரியும் புது வயல் வாங்க மாட்டான். அரசாங்கம் மட்டும் வாங்கும், நாமும் கைதட்டுவோம்.

இரண்டாவது, செலவழித்து முடித்ததை முழுசாகப் பயன்படுத்துவது. 500 கோடிக்கு மேல் போட்டு, பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து பாதை வந்திருக்கிறது. 2023-இல் போடி வரை வந்தபோது சென்னைக்கு வாரத்தில் மூன்று நாள் ரயில். தண்டவாளம் நாள் முழுக்க வெயில் காய்ந்துகொண்டு கிடந்தால் அந்தப் பணத்துக்கு என்ன அர்த்தம்? காலையில் மதுரைக்குப் படிக்கவும் வேலைக்கும் போய் மாலையில் திரும்ப வசதியாக ரயிலைக் கூட்டுங்கள் என்று கேளுங்கள். அதற்கு நிலம் எடுக்க வேண்டாம், மலை வெட்ட வேண்டாம். தோட்டத்துப் பெண்களுக்கு வண்டி என்பதையும் இதோடு சேர்க்கிறேன். சாலை இருக்கிறது, வண்டிதான் இல்லை.

மூன்றாவது, புதியது. லோயர்கேம்ப் ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பம் திராட்சைக்கும் கூடலூர்க் காய்கறிக்கும் ரயில் வந்தால் சந்தோஷப்படுகிற முதல் ஆள் நான். ஆனால் "சர்வே எடுக்க உத்தரவு" என்ற செய்திக்கு இனிமேல் நாம் பட்டாசு வெடிக்கக் கூடாது. முழுப் பணம் எத்தனை, எத்தனை ஆண்டில், எந்த ஆண்டு எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் வரவேற்போம். ஆயிரம் ரூபாயோடு வந்தால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புவோம். அந்த ஆயிரம் ரூபாயை நம் குழுவிலேயே வசூல் செய்துவிடலாம்.

பதினேழில் மீதி எல்லாம்? வரிசையில் நிற்கட்டும். ரோப் கார் இல்லாமல் அருவி வற்றிவிடாது.

பிள்ளைகளே, நீங்கள் கேட்கலாம், ரயிலும் அணையும் டில்லியிலும் சென்னையிலும் முடிவாகிறது, நாம் பேசி என்ன ஆகப்போகிறது என்று. இதே நோய் நம் ஊராட்சியிலும் இருக்கிறது. பாதியில் நிற்கிற சமுதாயக் கூடம், மூடி போடாத சாக்கடை, மோட்டார் இல்லாத தண்ணீர்த் தொட்டி எல்லா ஊரிலும் ஒன்று உண்டு. அதன் பக்கத்திலேயே புதிதாக இன்னொன்றுக்குப் பள்ளம் தோண்டியிருப்பார்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே கேள்வி கேட்க யாருடைய சிபாரிசும் வேண்டாம், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். புதிதாக ஒரு வேலையை அறிவித்தால் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: போன வருடம் தொடங்கிய வேலை முடிந்துவிட்டதா?

இரண்டு: இதை முடிக்கிற முழுப் பணமும் கையில் இருக்கிறதா, முதல் தவணை மட்டும்தானா?

மூன்று: கட்டி முடித்த பிறகு ஆண்டுதோறும் இதைப் பார்த்துக்கொள்ள யார், எந்தப் பணத்தில்?

மூன்றுக்கும் பதில் இருந்தால் கைதட்டுங்கள், நானும் வந்து தட்டுகிறேன். பதில் இல்லையென்றால் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எதிர்க்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் இது. அளந்து போடச் சொல்வது எதிர்ப்பு ஆகாது.

என் வரிசை தப்பு என்று நினைக்கிறவர்கள் உங்கள் வரிசையைக் கீழே எழுதுங்கள். ஆனால் மூன்றுக்கு மேல் எழுதக் கூடாது, எது முதலில் என்பதற்குக் காரணமும் எழுத வேண்டும். காரணம் இல்லாத விடைக்கு நான் எப்போதும் மார்க் போட்டதில்லை. திட்டுகிறவர்களும் தாராளமாகத் திட்டலாம். ஒற்றுப்பிழை இல்லாமல் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்